கணினி அறைச் சாவி: மலையகப் பாடசாலை அதிபர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

புதிதாக எதையும் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. புதுப் பாடம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம், இப்போதைக்குப் புதுக் கணினிகூட வேண்டாம். இடைநிலை வகுப்புகளின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் (ஐ.சி.டி.) பாடத்தில் ஏற்கெனவே இருக்கிற, பிள்ளைகளுக்கான நிரலாக்க மென்பொருளான ஸ்க்ராட்ச் பகுதியை, நம் தோட்டப்புறப் பாடசாலைகளில் பிள்ளைகள் கணினியில் செய்து படிக்க விடுங்கள். கேட்பது அவ்வளவுதான். கேட்க இவ்வளவு எளிதாக இருக்கும் ஒன்று ஏன் நடப்பதில்லை என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, சாதாரண தரம் வரை மட்டுமே உள்ள வகை 2 பாடசாலையில் படித்து, அப்புறம் நகரத்துக்கு மாறி உயர்தரம் முடித்து, இப்போது மென்பொருள் எழுதிப் பிழைப்பவள் நான். பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமைகளில் தோட்டத்து மண்டபத்தில் பழைய மடிக்கணினிகளை வைத்து 7, 8, 9 ஆம் தரப் பிள்ளைகளுக்கு ஸ்க்ராட்ச் காட்டிக்கொடுக்கிறோம். கீழே சொல்லப்போகிறவற்றில் பாதி ஆசிரியர்கள் என்னிடம் சொன்னவை. அவர்களே எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்பதால் நான் எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு பிள்ளை தன் தவணைப் பரீட்சை வினாத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஸ்க்ராட்ச் கட்டைகள் சிலவற்றைப் படமாகப் போட்டு, "மேலே காட்டப்பட்டுள்ள நீல நிறக் கட்டை எந்த வகையைச் சேர்ந்தது?" என்று கேட்டிருந்தார்கள். வினாத்தாள் கறுப்பு வெள்ளைப் போட்டோ பிரதி. எல்லாக் கட்டையும் ஒரே சாம்பல். ஆனாலும் அவள் 'இயக்கம்' என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நீலம்னா மோஷன்னு போர்டுல எழுதிப் போட்டாங்க அக்கா, பாடமாக்கிட்டேன்" என்றாள். பாடசாலையில் கணினி இல்லையா என்றால், இருக்கிறதாம். அறை பூட்டிக் கிடக்கிறதாம்.

அந்த ஆசிரியரில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டிய அறையை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஸ்க்ராட்ச்சைத் திரையில் பார்த்திராத அதிபர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கணினிக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையும் அதில் ஒரு வண்ணக் கட்டையாக இருக்கும். 'பத்து அடி நகர்', 'இதைத் திரும்பத் திரும்பச் செய்', 'இப்படியென்றால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று. பிள்ளை மவுஸால் அவற்றை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்துவாள். பச்சைக் கொடியை அழுத்தினால் திரையில் நிற்கும் பூனை சொன்னபடி செய்யும். எழுத்தாலான நிரல்மொழியில் ஓர் அடைப்புக்குறி தவறினாலும் எதுவுமே ஓடாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த இடத்திலேயே, இது எனக்கு வராது என்று முடிவு கட்டிவிடும். இங்கே பொருந்தாத கட்டை பொருந்தவே மாட்டாது. அறுகோணத் துளைக்குள் அறுகோணக் கட்டைதான் போகும். எழுத்துப்பிழை என்கிற தலைவலி இல்லாததால் பிள்ளையின் முழுக் கவனமும் யோசிப்பதில் இருக்கும்.

இது நேற்று முளைத்த விடயமும் இல்லை. பிள்ளைகளுக்கென்றே 1967 இல் லோகோ என்ற நிரல்மொழியை அமெரிக்காவில் உருவாக்கியவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். கட்டளைக்கேற்ப நகர்ந்து கோடு போடும் ஆமை அதில் பேர்போனது. அவர் வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் ஸ்க்ராட்ச்சை உருவாக்கி 2007 இல் வெளியிட்டது. இப்போதுள்ள மூன்றாம் பதிப்பு 2019 இல் வந்தது. 8 முதல் 16 வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது, இலவசம், ஒரு தடவை பதிந்துவிட்டால் இணையமே தேவையில்லை. அந்தக் கடைசி வசதியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மழைக்காலத்தில் நம் பக்கத்தில் சிக்னல் படும் பாடு உங்களுக்கே தெரியும்.

சரி, வரலாறு போதும். எங்கள் மண்டபத்தில் நடந்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன்.

பாடப்புத்தகத்து உதாரணங்கள் மோசமில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பூனையை நடக்க வைப்பதைவிட மடுவத்துக் கணக்கு, அதாவது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் கணக்கு, நன்றாகத் தெரியும். அம்மாவோ அத்தையோ கொழுந்து நிறுத்துவதை நின்று பார்த்திருக்கிறார்கள். அதனால் அதையே எடுத்துக்கொண்டோம். காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிவு என்று வைத்துக்கொண்டோம். மிச்சம் 18 கிலோ வந்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), வராவிட்டால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்). எண்கள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பாடத்துக்காக நாங்கள் போட்டுக்கொண்டவை இவை.

கேள்வி கேட்டு விடைக்குக் காத்திருக்கும் கட்டை ஒன்று ஸ்க்ராட்ச்சில் இருக்கிறது. பூனை "காலைக் கிலோ எவ்வளவு?" என்று கேட்கும், பிள்ளை எண்ணைத் தட்டும். ஒரு பையன் '12 கிலோ' என்று முழுசாக எழுதிவிட்டான். கூட்டிப் பார்த்தால் காலைக் கொழுந்தைக் காணவே காணோம். எண்ணோடு எழுத்துச் சேர்ந்தால் கூட்டல் கட்டை அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும் என்பதை அவன் அப்படித்தான் கண்டுபிடித்தான். "காலையில பறிச்சதெல்லாம் எங்கடா?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டபோது வகுப்பே சிரித்தது. உள்ளீட்டைச் சரிபார்ப்பது என்று நாங்கள் அலுவலகத்தில் மணிக்கணக்காகப் பேசும் சமாச்சாரம் அது.

அடுத்ததுதான் விசேஷம். எல்லாப் பிள்ளைகளும் 'மொத்தம் 18 ஐ விடப் பெரியது என்றால் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர்' என்று கட்டைகளை அடுக்கினார்கள். 25 போட்டுப் பார்த்தார்கள், சரி. 11 போட்டுப் பார்த்தார்கள், அதுவும் சரி. கைதட்டப்போன நேரத்தில் ஒருத்திக்குக் கழிவு போகச் சரியாக 18 வந்தது. பூனை "அரைப்பேர்" என்றது.

அவள் மேசையைத் தட்டிவிட்டாள். "பதினெட்டு எடுத்தா முழுப்பேர்னுதானே சொன்னீங்க? சரியா பதினெட்டு எடுத்திருக்காங்க. எப்படி அரைப்பேர் போடலாம்?" பூனையிடம்தான் கேட்டாள், ஆனால் கோபம் நிஜம். அங்கேதான் பாடம் தொடங்கியது. ஸ்க்ராட்ச்சில் பெரியது, சிறியது, சமன் என்று மூன்று ஒப்பீட்டுக் கட்டைகள்தான் உண்டு. 'பெரியது அல்லது சமன்' என்று தனிக் கட்டை கிடையாது. பிள்ளைகள் தாங்களே வழி தேட வேண்டும். ஒருவன் 'சமன்', 'பெரியது' இரண்டையும் 'அல்லது' கட்டையால் சேர்த்தான். இன்னொருத்தி முழு யோசனையையும் திருப்பிப் போட்டாள்: 18 ஐ விடச் சிறியது என்றால் அரைப்பேர், இல்லாவிட்டால் முழுப்பேர். இரண்டும் சரிதான். எது நல்லது என்று அவர்களுக்குள் நடந்த விவாதத்தை நான் இடையில் நிறுத்தவில்லை.

எல்லைப் பெறுமானத்தில் பிழை விடுவது எங்கள் தொழிலின் பழைய வியாதி. வங்கி மென்பொருளிலும் அது வரும், வைத்தியசாலை மென்பொருளிலும் வரும். வேலைக்கு வரும் பட்டதாரிகளுக்கே அதைப் புரியவைக்கப் பாடுபட வேண்டியிருக்கிறது. எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு அன்று மாலைக்குள் விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்த ஒரு கிலோவில் என்ன போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பிள்ளை மெதுவாக, "அக்கா, கழிவு நாளைக்கு ஒரு தடவையா, நிறுக்கிற ஒவ்வொரு தடவையுமா?" என்று கேட்டாள். ஒரு தடவை என்றால் 2 கிலோ. மூன்று தடவை என்றால் 6. கழித்தல் கட்டை மீளச்செய்யும் கட்டைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். திரையில் அதை உள்ளே தள்ளிப் பார், வெளியே இழுத்துப் பார் என்றேன். அவள் செய்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. வீட்டில் போய் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருப்பாள்.

இந்தப் பாடத்தில் கரும்பலகையில் செய்திருக்கக்கூடியது எது? கட்டைகளின் பெயரை எழுதிப் போட்டிருக்கலாம். அந்த 18 கிலோப் பிழை கரும்பலகையில் வந்திருக்காது. பலகை சொன்னதைக் கேட்டு ஓடாது, தப்பான விடையையும் காட்டாது. செய்நிரலாக்கம் என்பதே எழுதியதை ஓடவிட்டு, அது எங்கே கவிழ்கிறது என்று பார்த்துத் திருத்துவதுதான். அதைப் படமாகப் பார்த்துப் படிப்பது, சோறு வடிக்கிற விதத்தைப் புத்தகத்தில் வாசித்துவிட்டுப் பசியாறிவிட்டேன் என்பது போல.

கணித ஆசிரியர்களுக்கும் இதில் இலாபம் உண்டு. சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரிச் செய்வார்கள்: மூன்று தடவை, 100 அடி நகர், 60 பாகை திரும்பு. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்றுதானே படித்தோம்! திரையில் வருவது முக்கோணம் இல்லை, வாய் திறந்த பாதி அறுகோணம். எழுந்து நின்று நடந்து பார் என்று சொல்வேன். மூலைக்கு வந்ததும் எவ்வளவு திரும்புகிறாய்? உள்ளே இருக்கும் கோணமா, வெளியே திரும்பும் கோணமா? 120 போட்டவுடன் முக்கோணம் மூடிக்கொள்ளும். சதுரத்துக்கு 90, ஐங்கோணத்துக்கு 72. புறக்கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்பதை அதற்கப்புறம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. (ஒரு சின்னக் குறிப்பு: பழைய பதிப்புகளில் பேனாக் கட்டைகள் நேரே தெரியும். மூன்றாம் பதிப்பில் கீழே இடது மூலைப் பொத்தானை அழுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் பாடத்தைக் கைவிட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.)

இனிச் சாவிக்கு வருவோம்.

அதிபர்கள் கணினி அறையைப் பூட்டி வைப்பது சோம்பலால் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நானும் பல அதிபர்களோடு பேசியிருக்கிறேன். அவர்கள் பயப்படுவது பொருட்பதிவேட்டுக்கு. கணினி வந்த அன்று அது பதிவேட்டில் ஏறுகிறது. வருட இறுதியில் கணக்கெடுக்க வருகிறவர்கள் பதிவேட்டையும் பொருளையும் பார்ப்பார்கள். ஒரு மவுஸ் குறைந்தால் விளக்கம், ஒரு திரை உடைந்தால் விசாரணை. ஆனால் அந்தக் கணினிகள் வருடம் முழுக்க ஒரு பிள்ளையின் கைகூடப் படாமல் உறை போர்த்திக் கிடந்தால்? யாரும் எதுவும் கேட்பதில்லை. பதிவேடு சுத்தம், அதிபருக்கும் நிம்மதி. இப்படியொரு ஏற்பாட்டில் புத்தியுள்ள எந்த மனிதரும் பூட்டத்தான் செய்வார். நான் அதிபராக இருந்தாலும் பூட்டியிருப்பேன்.

ஆகவே வலயக் கல்விப் பணிப்பாளர்களே, இந்த இடத்தில் உங்கள் கையெழுத்து ஒன்று போதும். கற்பித்தலின்போது தேய்ந்தோ பழுதாகியோ போகும் மவுஸ், கீபோர்ட், வயர் போன்றவற்றுக்கு அதிபரோ ஆசிரியரோ தனிப்பட்ட முறையில் பொறுப்பில்லை என்று தெளிவாக ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதோடு கணினி அறை வாசலில் பயன்பாட்டுப் பதிவேடு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். திகதி, தரம், பாடவேளை, எத்தனை பிள்ளைகள், என்ன செய்தார்கள், இவ்வளவு எழுதினால் போதும். உங்கள் மேற்பார்வைக் குழு பாடசாலைக்குப் போகும்போது பொருட்பதிவேட்டுக்கு முன்னால் இந்தப் பதிவேட்டைக் கேட்கட்டும். வெற்றுப் பக்கத்துக்கு விளக்கம் கேட்கும் நாள் வந்தால் சாவி தானாகவே ஆசிரியர் கைக்கு வந்துவிடும்.

பூட்டி வைத்தால் கணினி பத்திரமாக இருக்கும் என்பதும் நம் மலைகளில் உண்மை இல்லை. பனியும் ஈரமும் மூடிய அறைக்குள்தான் அதிகம் தங்கும். மாதக்கணக்காகப் போடாத கணினியைத் திறந்தால் திகதி எந்தக் காலத்திலோ நிற்கும். பலகையிலுள்ள காசு வடிவப் பற்றரி இறந்திருக்கும். யு.பி.எஸ். பற்றரியும் அப்படியே. சிஆர் 2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும் சின்னச் சாமான் அது, ஆனால் அது போன கணினி தொடங்கும்போது ஏதேதோ பிழைச்செய்தி காட்டும், உடனே 'பழுது' என்று மூலைக்குப் போய்விடும். அப்படி மூலைக்குப் போனவற்றில் சிலவற்றை நாங்கள் பற்றரி மாற்றி எழுப்பியிருக்கிறோம். வாரம் ஒரு தடவை ஓடும் கணினி ஓடாத கணினியைவிட அதிக காலம் வாழும். இடிமின்னல் காலத்தில் மட்டும் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

கணினி பழையது என்பதும் பெரிய தடை இல்லை. விண்டோஸ் 10 ஓடும் இயந்திரமென்றால் மூன்றாம் பதிப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் பதிந்துகொள்ளலாம். அதற்கும் பழையதென்றால் 1.4 என்ற பழைய பதிப்பு இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து இயந்திரத்திலும் ஓடும். அதில் செய்ததைப் பிற்பாடு புதிய பதிப்பில் திறக்கவும் முடியும்.

கணினிகள் குறைவு என்றால் ஒன்றுக்கு இரண்டு பேரை இருத்துங்கள். ஒருவர் மவுஸைப் பிடிக்க, மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்கிறவர் கை வைக்கக்கூடாது. பத்து நிமிடத்தில் ஆள் மாற வேண்டும். இந்த முறையில் ஒருவர் தனியாகச் செய்வதைவிட நன்றாகவே படிக்கிறார்கள், ஏனென்றால் யோசனையை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரு கணினியில் இருந்தால் மவுஸ் யார் கையில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆள் மாறும் விதியைக் கறாராக வைக்காவிட்டால் பெண்பிள்ளைகள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள்.

நேரசூசியில் ஒரு மாற்றம் வேண்டும். ஒற்றைப் பாடவேளையில் வரிசையாக அறைக்குப் போய், கணினியைப் போட்டு, அது எழும்பி வருவதற்குள் பாதி போய்விடும். வாரத்துக்கு ஒன்று என்று சிதறிக் கிடக்கும் பாடவேளைகளை இரண்டு வாரத்துக்கு ஒரு இரட்டைப் பாடவேளையாக மாற்றினாலும் போதும். மேலிடத்து அனுமதி எதுவும் இதற்குத் தேவையாக இருக்காது என்றே நினைக்கிறேன். நேரசூசி போடும் பிரதி அதிபரோடு ஒரு தேநீர் குடித்தால் முடிந்துவிடும்.

அப்புறம் பரீட்சை. தவணை வினாத்தாள் வலயத்திலோ மாகாணத்திலோ தயாராகி வருகிறது. அதில் முழுப் புள்ளியும் எழுத்துக்குத்தான் என்றால் ஆசிரியர் எழுத்துக்குத்தான் பயிற்றுவார். செய்நிரலாக்கப் பகுதிக்குரிய புள்ளிகளைச் செயன்முறைக்கு ஒதுக்குங்கள். பிள்ளை தவணைக்குள் செய்த ஒரு வேலையைத் திறந்து காட்டட்டும். ஆசிரியர் ஒரு கட்டையைக் கழற்றிவிட்டு, 'இப்போது என்ன நடக்கும்?' என்று கேட்கட்டும். பிறரிடமிருந்து பிரதி பண்ணிய பிள்ளை அந்த ஒரு கேள்வியிலேயே அகப்பட்டுவிடும். நீலக் கட்டை எந்த வகை என்ற கேள்வியை, தயவுசெய்து, விட்டுவிடுங்கள்.

ஆசிரியர் பற்றாக்குறையை நான் மறந்துவிடவில்லை. ஐ.சி.டி. ஆசிரியரே இல்லாத பாடசாலைகளில் கணிதமோ விஞ்ஞானமோ படிப்பிப்பவர் இதையும் சேர்த்துத் தூக்குகிறார். ஆனால் ஸ்க்ராட்ச் படிப்பிக்கக் கணினிப் பட்டம் தேவையில்லை. முக்கோணப் பாடத்தை ஒரு கணித ஆசிரியர் என்னைவிட நன்றாக நடத்துவார். வலயங்களில் உள்ள கணினி வள நிலையங்களில், விடுமுறையில் சில நாள் கையால் செய்து பார்க்கும் பயிற்சி கொடுத்தால் போதும். விரிவுரை வேண்டாம்; பவர்பாயின்ட் பார்த்துப் பார்த்து அவர்களும் களைத்துவிட்டார்கள். பத்தனை ஸ்ரீபாத தேசியக் கல்வியியல் கல்லூரியில் இருந்து உள்ளகப் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். கணினியைக் கண்டு பயப்படாத வயது அவர்களுக்கு.

இதையெல்லாம் இடைநிலையில், அதுவும் 9 ஆம் தரம் முடிவதற்குள் செய்ய வேண்டும் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 10 ஆம் தரத்தில் பிள்ளை தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்கிறது. ஐ.சி.டி. மூன்றாம் தொகுதியில் வேறு பல பாடங்களோடு நிற்கிறது. அதுவரை கணினியைத் தொடாத பிள்ளை அதை ஏன் தெரிவு செய்யப்போகிறது? பாடசாலையில் அந்தப் பாடம் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. சாதாரண தரத்தில் தொடாதவர் உயர்தரத்தில் அந்தப் பக்கம் போவது அபூர்வம். போகிறவருக்கு அங்கே பைதன் என்ற நிரல்மொழி காத்திருக்கிறது. பைதனில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை இடதுபக்க இடைவெளியால்தான் காட்டுவார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் அது. கட்டைக்குள் கட்டையைச் செருகிப் பழகிய பிள்ளைக்கு அது வேறு உடுப்புப் போட்ட பழைய விடயம். எங்களிடம் வந்த பிள்ளைகளில் மூத்தவர்களுக்குப் பைதனைக் காட்டியபோது இதைக் கண்ணால் கண்டேன்.

அதிபர்கள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு ஆட்சேபணைகளையும் தொட்டுவிடுகிறேன்.

"பிள்ளைகள் கேம்தானே செய்கிறார்கள்" என்பது ஒன்று. ஆமாம், செய்கிறார்கள். பந்து மட்டையில் பட்டால் திரும்ப வேண்டும், படாமல் கீழே போனால் புள்ளி குறைய வேண்டும், மூன்று தடவை விட்டால் ஆட்டம் முடிய வேண்டும். இதில் 'மாறி' (வேரியபிள்) இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது, மீளச்செய்தல் இருக்கிறது, திரையின் நடுவைப் பூச்சியமாக வைத்து மறைப் பெறுமானம் வரை போகும் எக்ஸ், வை ஆள்கூறுகள் இருக்கின்றன. மறை எண்ணைக் கொப்பியில் வெறுக்கும் பிள்ளை, பந்து இடதுபக்கம் போக வேண்டும் என்பதற்காகத் தானாக முன்னால் கழித்தல் குறி போடுகிறது. கேம் விளையாடுவதையும் கேம் செய்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

மற்றது ஆங்கிலம். கட்டைகளில் ஆங்கிலச் சொல் இருப்பது எங்கள் வகுப்பில் நான் எதிர்பார்த்த அளவுக்குத் தடையாக இருக்கவில்லை. தினம் புழங்கும் சொற்கள் சொற்பம்தான். நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே பிடித்துவிடுகிறார்கள். மாறிகளுக்குப் பிள்ளைகள் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எங்கள் மடுவத்துக் கணக்கில் 'கிலோ', 'கழிவு', 'பேர்' என்றே வைத்தோம். யுனிகோட்டில் தட்ட வேண்டும், அவ்வளவுதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். நம் பாடசாலை அலுவலகங்கள் இன்னும் பாமினியை விடாமல் பிடித்திருப்பது பற்றித் தனி மடல் ஒன்று எழுதலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி யார் நிரல் எழுதப்போகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சரியாக 18 கிலோ எடுத்தவருக்கு அரைப்பேர் போடும் நிரலை இயந்திரமும் எழுதும். அது பிழையென்று மேசையைத் தட்ட ஓர் ஆள் வேண்டுமல்லவா?

இன்னுமொன்று, பெற்றோர் பற்றி. செய்த வேலையைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வழி செய்யுங்கள். டர்போவார்ப் என்ற இலவசக் கருவியில் ஸ்க்ராட்ச் வேலையை ஒற்றைக் கோப்பாகக் கட்டி எடுக்கலாம். அது இணையம் இல்லாமலே தொலைபேசி உலாவியில் ஓடும். மடுவத்துக் கணக்கைப் பிள்ளைகள் வீட்டுத் தொலைபேசிகளில் போட்டுக் காட்டியதற்கு அடுத்த சனிக்கிழமை, பிள்ளையை வகுப்புக்கு விடாமல் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டிருந்த ஒரு தாய் தானே மகளைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, "கழிவை மட்டும் கொஞ்சம் மாத்திப் போடச் சொல்லுங்க, எங்க மலையில வேற கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றியது மகள்தான்.

அடுத்த வருட முதலாம் தவணைக்கான நேரசூசி தயாராகும் முன் அந்தச் சுற்றறிக்கை பாடசாலைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வலயக் கல்விப் பணிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே நாளில் முடியாது என்றால் கணினியும் விருப்பமுள்ள ஆசிரியரும் இருக்கும் சில வகை 2 பாடசாலைகளில் தொடங்குங்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ள பெயர்பெற்ற 1ஏபி பாடசாலைகளில் தொடங்க வேண்டாம். அவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். அதிபர்களே, சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் உங்களில் இருந்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகப் போட்டு, மவுஸ் உடைந்தால் வாங்கச் சின்னத் தொகையொன்றை ஒதுக்கிவிட்டுத் தொடங்கலாம். மென்பொருளைப் பதிந்து தர, இறந்த பற்றரியை மாற்ற, முதல் சில வகுப்புகளில் ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்க உங்கள் பழைய மாணவர்களில் ஆள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பாடசாலை என்றால் நாங்களே வருகிறோம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று எங்களுக்கு வகுப்பு.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் பழைய மாணவி